கப்பலில் இருந்து வந்த சொல்

அண்ணன் கழியை ஊன்றிப் படகை நிறுத்தினான்.

எதிரே, தண்ணீருக்கு மேல் சவுக்குக் குச்சிகள் வரிசையாக நின்றன. மணல் திட்டில் தொடங்கி எதிர்ச் சேற்றுமேடு வரை வலை கட்டியிருந்தது. நடுக்குச்சியில் ஒரு சிவப்புத் துணி படபடத்தது. படகின் அடியில், ஈரக் கோணிமேல், அண்ணி சுகுணா ஒருக்களித்துக் கிடந்தாள். நிறைமாதம். விடியலிலேயே வலி கண்டுவிட்டது, வற்றிய ஏரியில் கழி ஊன்றி ஊர்ந்ததில் இப்போது உச்சி வெயில். அவள்மேல் வெயில் விழாமல் ஒரு பழைய புடவையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி நான் உட்கார்ந்திருந்தேன். புடவையில் இறால் வாடை அடித்தது.

"இன்னா மாமா, நின்னுட்ட?" என்றாள் அண்ணி.

அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உள்ளங்கையைக் கவிழ்த்து, காற்றை மெல்ல அமுக்குவது போலக் கீழே இறக்கினான்.

"திராங்கிலோ" என்றான்.

சென்ற வாரம் மீஞ்சூர் மருந்துக்கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையைப் படித்துச் சிரித்ததாகப் பலர் எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். இந்த வாரம் சிரிப்பு கொஞ்சம்தான் இருக்கிறது, அதுவும் முதல் பாதியோடு சரி. மனசு தாங்காதவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கப்பல்காரன் வந்தான்

என் அண்ணன் தேசப்பன் மீசை முளைத்ததும் முளைக்காததுமாகக் கப்பலுக்குப் போனவன். சரக்குக் கப்பல் இல்லை, மீன் கப்பல். ஸ்பெயின்காரர்களுடையது. நடுக்கடலில் சூரை பிடித்து, அங்கேயே உறையவைத்து, மாதக்கணக்கில் கரையையே பார்க்காமல் சுற்றுகிற கப்பல். எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்குள், பசியாவரத்துக்கும் வடக்கே இருக்கிறது. அங்கே முட்டிக்கால் தண்ணீரில் நின்று கையால் இறால் தடவுகிற குடும்பத்துப் பிள்ளைக்கு அது வேறு உலகம்.

நடுவில் ஒருமுறை வந்து கல்யாணம் செய்துகொண்டான். மறுபடி போனான். கடைசியாகத் திரும்பி வந்தபோது ஒரு டேப் ரிக்கார்டர், கம்பளிச் சட்டை, அரை டஜன் சோப்பு, கூடவே இந்த ஒரு வார்த்தை. எங்கள் ஊர் வெயிலுக்குக் கம்பளிச் சட்டை எதற்கு என்று நைனா கேட்டார். நைனா என்றால் எங்கள் அப்பா. அதற்கும் அண்ணன் "திராங்கிலோ நைனா" என்றுதான் பதில் சொன்னான்.

எல்லாவற்றுக்கும் அதுதான். மீன் ஏஜெண்டு விலையைக் குறைத்தால் திராங்கிலோ. பஸ் போய்விட்டால் திராங்கிலோ. எருமை முட்ட வந்தபோதும் கையை அப்படியே கவிழ்த்துக்கொண்டு எதிரே நின்றான். எருமைக்கு ஸ்பானிஷ் தெரியவில்லை, வேலி தாண்டித்தான் உயிர் பிழைத்தான். ஊரே அவனுக்கு 'திராங்குலு' என்று பேர் வைத்துவிட்டது. அண்ணிக்கு வெட்கம் பிடுங்கும். ஆனாலும் அவன் இல்லாத நேரத்தில், அடுப்பில் பால் பொங்கி வரும்போது அவளும் கையை அப்படிக் கவிழ்ப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் அதற்கு என்னதான் அர்த்தம் என்று கேட்டேன். அர்த்தம் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை, நடந்ததைச் சொன்னான். கப்பலில் வலை இழுக்கிற எந்திரத்தில் ஒரு பிலிப்பைன்ஸ்காரனின் விரல் போய்விட்டதாம். அவன் துடித்த துடிப்பில் யாரும் கிட்டே போக முடியவில்லை. நரைத்த தாடிக்கார மேஸ்திரி ஒருவர் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு இந்த ஒரு வார்த்தையையே சொல்லிக்கொண்டிருந்தாராம், அவன் ஓயும் வரை. புயலிலும் அதையேதான் சொல்வாராம்.

"அது மருந்து மாரி பாப்பா. காதுல ஊத்துற மருந்து" என்றான்.

அழாதே என்று சொல்லாத ஊர்

மருந்துக்கடைக்காரிக்கு மருந்தின் பேர் தெரிந்தால் போதாது, எதற்குக் கொடுப்பது என்றும் தெரிய வேண்டும். அதை எனக்குச் சொன்னவள் ஒரு ஸ்பெயின்காரி. நான் சொல்லப்போகிற அந்த நாளுக்கு ஒன்றிரண்டு வருஷம் கழித்து அவள் பழவேற்காட்டுக்கு வந்தாள். டச்சுக் கல்லறையைப் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்கள் எல்லாரும் எங்களுக்கு டச்சுக்காரர்கள்தான். கல்லில் செதுக்கிய எலும்புக்கூட்டைப் படம் பிடிப்பார்கள், இளநீர் குடிப்பார்கள், போவார்கள். இவள் வெயில் தாங்காமல் வாசலில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். அந்த வழியாக வந்த நான் உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்தேன். எந்த நாடு என்று கேட்டேன். ஸ்பெயின் என்றாள்.

கடையில் கற்றுக்கொண்ட என் அரைகுறை இங்கிலீஷில் கேட்டேன், இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று.

அவள் சிரித்துவிட்டாள். இது எங்கள் ஊரில் வாய்க்கு வாய் வருகிற வார்த்தையாயிற்றே என்றாள். அமைதியான என்று பொருள். அலை இல்லாத கடலுக்குச் சொல்லலாம், சந்தடி இல்லாத தெருவுக்குச் சொல்லலாம், யாருக்கும் கெடுதல் செய்யாதவன் மனசுக்கும் சொல்லலாம். ஆனால் நாங்கள் அதிகம் சொல்வது அமைதி இல்லாதவர்களிடம்தான் என்றாள். ஊசிக்குப் பயப்படுகிற பிள்ளையிடம், ரயிலைத் தவறவிட்டவனிடம், சாவு வீட்டில். பெண்ணிடம் என்றால் 'திராங்கிலா' என்று முடிக்க வேண்டுமாம். என் அண்ணன் அண்ணியிடமும் ஆண்பிள்ளைக்குச் சொல்வதையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். பாவம், அந்தக் கப்பலில் பெண் ஏது, அவன் காதில் விழ?

அதைவிட எனக்கு வேறொன்று உறைத்தது. நாம் என்ன சொல்கிறோம்? அழாதே, பயப்படாதே, கத்தாதே. எல்லாம் அதட்டல். அழுகிறவளுக்கு அழுகையை ஞாபகப்படுத்துகிற சொற்கள். அவர்கள் அதட்டுவதில்லை. நடுங்குகிறவனைப் பார்த்து, நீ அமைதியானவன் என்று அடைமொழி வைக்கிறார்கள். இல்லாததை இருப்பதாகச் சொல்கிறார்கள். சொல்லச் சொல்ல வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

"வேறு ஒன்றும் செய்ய முடியாதபோது சொல்வது" என்றும் அவள் சொன்னாள். எனக்கு அவள்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ஒன்றும் செய்ய முடியாதபோது சரி. செய்ய முடிந்தபோது சொன்னால் அதற்கு என்ன பேர்? அதை அவளிடம் கேட்க என் இங்கிலீஷ் போதவில்லை.

போகும்போது கல்லறைக்குள் ஒரு சின்னப் பிள்ளையின் கல்லைக் காட்டி, எத்தனை பரிதாபம் என்று கண் கலங்கினாள். அதற்காவது கல் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு நான் பஸ் ஏறினேன்.

சிவப்புத் துணி

அந்தச் சிவப்புத் துணி புரிய வேண்டுமானால், பாடு என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஏரியில் மீன்பாடு உள்ள இடங்களைக் குப்பங்களுக்குள் முறை போட்டுப் பிரித்திருக்கிறார்கள். சீட்டுக் குலுக்கி யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று முடிவாகும். அன்றைக்கு அந்த இடம் அவர்களுடையது. நீரோட்டத்துக்குக் குறுக்கே வலையைக் கட்டி, நடுவில் சிவப்புத் துணி ஏற்றிவிட்டால் வேறு படகு அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இறால் கலைந்துவிடும், ஒரு குப்பத்தின் அன்றைய சோறு போய்விடும். டச்சுக்காரன் கோட்டை கட்டுவதற்கு முன்பிருந்தே இதுதான் வழக்கம் என்பார்கள் எங்கள் ஆட்கள்.

இந்த வழக்கத்தில் அண்ணன் ஏற்கெனவே ஒருமுறை மாட்டிக்கொண்டான். கப்பலில் இருந்து வந்த புதிது. எஞ்சின் படகு ஒன்றை வாங்கி, அதை ஊருக்குக் காட்டுகிற ஜோரில், அடுத்த குப்பத்தின் பாடு இருந்த இடத்துக்குள் நேராக விட்டுவிட்டான். வலை கிழிந்தது. பஞ்சாயத்து கூடியது. எங்கள் குப்பத்துக்கே அந்தப் பருவத்தின் முறை ரத்து. அத்தனை வீட்டு அடுப்பிலும் அவன் தண்ணீரை ஊற்றிய மாதிரி ஆயிற்று. நைனா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூட்டத்தின் நடுவே நின்றார். அண்ணன் எல்லாரும் பார்க்க மண்ணில் விழுந்து எழுந்தான். கப்பலுக்குப் போனவனுக்குக் கரை வழக்கம் மறந்துபோச்சு என்று ஒருவர் சொன்னார். சிரித்தார்கள்.

அதன் பிறகு எஞ்சினை விற்றுவிட்டான். ஊரில் அவனைப் போல வழக்கத்துக்குப் பயந்தவன் யாரும் இல்லை. தூரத்தில் யாராவது துவைத்துக் காயப்போட்ட சிவப்புச் சேலையைப் பார்த்தாலும் படகைத் திருப்பிவிடுவான் என்று கேலி பேசினார்கள். கேலி பேசினவர்கள் வாயில் மண் விழ.

சுற்று வழி

இனி அந்த நாளுக்கு வருகிறேன். அண்ணிக்கு ஏற்கெனவே ஒரு கரு தங்காமல் போயிருந்தது. அண்ணன் கப்பலில் இருந்த காலமெல்லாம் பிள்ளை இல்லாதவள் என்று வாங்கிக் கட்டிக்கொண்டவள். அதனால் இந்தத் தடவை வீட்டில் வேண்டாம், வலி கண்டதும் கொண்டுவந்துவிடுங்கள் என்று பழவேற்காட்டு நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் கடைக்கு லீவு போட்டுவிட்டு அனுப்பம்பட்டில் ரயில் இறங்கி முந்தின வாரமே வந்துவிட்டேன். அன்று காலை நைனாவும் மற்ற ஆண்களும் கடலுக்குப் போயிருந்தார்கள். பெண்களில் பாதிப் பேர் இறால் தடவப் போய்விட்டார்கள். நாங்கள் மூன்று பேர்தான் படகில்.

கோடைக்காலம், முகத்துவாரம் மணல் அடைத்துக் கிடந்தது. ஏரியில் தண்ணீர் வற்றி, படகு போகிற ஆழம் ஒரே ஒரு ஓடையில்தான் இருந்தது. அந்த ஓடையில்தான் அன்றைக்கு அந்த வலை.

வலையின் மறுகோடியில் ஒரு படகு. அதில் இரண்டு ஆட்கள் பீடி குடித்துக்கொண்டிருந்தது இங்கிருந்தே தெரிந்தது.

அண்ணி முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினாள். "அதோ ஆளுங்க கீறாங்க பாரு. வழி கேளு மாமா. கேட்டா வுடுவாங்க."

"ஒருவாட்டி ஊரு பட்டது போதும்" என்றான் அண்ணன். "மணல் திட்டச் சுத்திப் பூடலாம். கொஞ்ச நேரந்தான். திராங்கிலோ, திராங்கிலோ."

"கேளு மாமா" என்றாள் மறுபடி. அவன் கழியை எடுத்துப் படகைத் திருப்பிவிட்டான்.

நான் புடவையைப் போட்டுவிட்டு எழுந்து நின்று கத்தினேன். காற்று அவர்கள் பக்கமிருந்து என் முகத்தில் அடித்தது, என் குரல் எனக்கே திரும்பி வந்தது. கையை வீசினேன். அவர்கள் எழுந்து நின்று பதிலுக்குக் கையை வீசினார்கள். சந்தோஷமாக வீசினார்கள்.

மணல் திட்டைச் சுற்றுகிற வழியில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. படகு சேற்றில் உட்கார்ந்தது. அண்ணன் குதித்துத் தள்ளினான். கொஞ்சம் நகரும், மறுபடி உட்காரும். சேறு அவனைத் தொடை வரை இழுத்தது. தள்ளுகிற ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த வார்த்தையைச் சொன்னான். அண்ணிக்குச் சொன்னானா, படகுக்குச் சொன்னானா, தனக்கே சொல்லிக்கொண்டானா, தெரியாது. அண்ணி ஒரு கட்டத்துக்குப் பிறகு கத்துவதையும் விட்டுவிட்டாள்.

குழந்தை படகிலேயே பிறந்தது. பெண். தலை நிறைய முடி. என் கையில்தான் வந்து விழுந்தாள். ஒருமுறை பூனைக்குட்டி மாதிரி முனகினாள், விரலை விரித்தாள். எனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்தேன். வாயைத் துடைத்தேன், முதுகைத் தட்டினேன், என் மூச்சை ஊதினேன். மாத்திரை எண்ணிக் கொடுக்கிற எனக்கு என்ன தெரியும்? பழவேற்காட்டுக் கலங்கரை விளக்கம் கண்ணுக்குத் தெரிந்தபோது அவள் உடம்பு குளிர ஆரம்பித்திருந்தது. அந்த வெயிலில்.

கரையில் நர்ஸம்மா வாங்கிப் பார்த்தார். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் என்று ஆரம்பித்தார், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அண்ணியைக் காப்பாற்றிவிட்டார்கள். காப்பாற்றிவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

கை வீசினவர்கள்

குழந்தையை மணல்மேட்டில் தாழைப் புதருக்குப் பக்கத்தில் புதைத்தோம். கல் கிடையாது, பேர் கிடையாது. அடுத்த மழையில் மேடே இடம் மாறிவிட்டது.

மூன்றாம் நாள் அந்தக் குப்பத்து ஆட்கள் துக்கம் கேட்க வந்தார்கள். வலைக்குத் தலைவர், வயசான மனிதர், செருப்பைத் தூரத்திலேயே கழற்றிவிட்டு வந்து அண்ணன் முன்னால் குந்தினார்.

"ஏன் தம்பி சுத்திப் போன? புள்ளத்தாச்சிக்கும் பொணத்துக்கும் பாடு ஏது? கழியில ஒரு துணியக் கட்டித் தூக்கிக் காட்டியிருந்தா வலைய அமுத்திப் புடிச்சிருப்பமே. படகு மேலயே போயிருக்குமே."

அண்ணன் அவரையே பார்த்தான்.

"சுத்திப் போறான், மரியாத தெரிஞ்ச புள்ளன்னு நெனச்சிதான் கை காட்டனோம்" என்றார் அந்தப் பெரியவர். பேசிக்கொண்டே இருந்தவர் அழுதுவிட்டார்.

அந்த விதிவிலக்கு எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்து படகேறின எல்லாருக்கும் தெரியும். நைனாவுக்குத் தெரியும். அன்று அவர் கடலில் இருந்தார். சின்ன வயசிலேயே கப்பலுக்குப் போன அண்ணனுக்குத் தெரியாது, படிக்க வெளியே போன எனக்குத் தெரியாது. தண்டனையை ஊர் அவனுக்குக் கூட்டம் போட்டுக் கற்றுக்கொடுத்தது. சலுகையை யாரும் கூட்டம் போட்டுச் சொல்வதில்லை. நைனா தன் கன்னத்திலேயே மாறி மாறி அறைந்துகொண்டார். ஒரு துணி. என் கையில் ஒரு புடவையே இருந்தது. வெயிலுக்குப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அன்றோடு அண்ணன் அந்த வார்த்தையை விட்டுவிட்டான். ஊரும் பட்டப்பேரை மறந்துவிட்டது, அதாவது மறந்தது போல நடந்துகொண்டது. அவர்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒரே படகில் போனார்கள். அவன் வலையைப் பிடிப்பான், இவள் கூடையைப் பிடிப்பாள். அந்த நாளைப் பற்றி அவன் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை. நான் போகும்போதெல்லாம் அந்த வீட்டில் தட்டு வைக்கிற சத்தம்தான் பெரிய சத்தம்.

அவன் கேட்டது

போன வருஷக் கோடையில் அண்ணனுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. பொன்னேரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஜன்னலோரக் கட்டில், காலை வெயில் காலில் விழும். மூச்சுக்கு அவன் பட்ட பாட்டைப் பார்க்கச் சகிக்காது. ஆள் போய், வெறும் எலும்பும் கண்ணும்தான் மிச்சம். கண்ணில் பயம் அப்படியே தெரிந்தது. அண்ணி அவன் காலடியில் உட்கார்ந்து ஈரத்துணியால் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் ஆக்சிஜன் முகமூடியை விலக்கினான். நர்ஸ் திட்டுவாள் என்று நான் மறுபடி மாட்டப் போனேன், கையைத் தட்டிவிட்டான். அண்ணியைப் பார்த்தான்.

"சுகுணா. வழி கேட்டிருக்கலாம் இல்ல?"

இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அண்ணியின் கை நின்றது. எனக்கு அந்தக் கப்பல் வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. அதைச் சொல்லுங்கள் அண்ணி, கையைக் கவிழ்த்து அந்த ஒரு பொய்யைச் சொல்லிவிடுங்கள், சாகப்போகிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும் என்று மனசுக்குள் அவளைக் கெஞ்சினேன். அவளுக்கு அந்த வார்த்தை தெரியும். அன்று படகில் அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு உயிரே போயிருந்தது.

அண்ணி துணியை வாளியில் நனைத்துப் பிழிந்தாள்.

"ஆமா மாமா" என்றாள். "கேட்டிருக்கலாம்."

சொல்லிவிட்டு அடுத்த பாதத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

அண்ணன் தலையை ஆட்டினான். நான் முகமூடியை மாட்டிவிட்டேன். அதற்கப்புறம் அவன் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.